பேரைக் கெடுத்துட்டாங்க, இப்ப இன்னா பண்றது? சத்துவாச்சாரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் சத்துவாச்சாரியில், நீதிமன்ற வளாகத்துக்குப் பக்கத்தில் மனு எழுதித் தரும் கடை வைத்திருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. பட்டா, வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை என்று வந்துகொண்டிருந்தவர்கள், ஏழெட்டு வருடமாகக் கையில் போனை நீட்டிக்கொண்டு வருகிறார்கள். "இத பாருக்கா, என்னியப் பத்தி இன்னா போட்டுக்கிறாங்க." அப்படி வந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவை கீழே இருக்கின்றன. கேள்விகளை அவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். வழக்கு என்று இறங்கும் முன் ஒரு வக்கீலைப் பார்த்துவிடுங்கள்.

"தெரு குரூப்ல என்னியப் பத்தித் தப்பா போட்டுட்டாங்கக்கா. மொதல்ல இன்னா பண்ணணும்?"

முதலில் அதைப் பத்திரப்படுத்துங்கள். போட்டவர் டிலீட் செய்ய இரண்டு நொடி போதும். போட்டவரின் எண், குழுவின் பெயர், தேதி, நேரம் எல்லாம் ஒரே படத்தில் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். பெயர் மட்டும் தெரிந்தால் போதாது. நீங்கள் எந்தப் பெயரில் சேமித்து வைத்திருக்கிறீர்களோ அதுதான் திரையில் காட்டும், எண் காட்டாது. முன்னும் பின்னும் வந்த பேச்சையும் சேர்த்து, மேலிருந்து கீழ்வரை நகர்த்தி ஸ்க்ரீன் ரெக்கார்டு செய்யுங்கள். முகநூல், யூடியூப் என்றால் லிங்கைத் தனியாக எழுதி வையுங்கள். அதைப் பார்த்த இரண்டு பேரின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். நாளைக்குச் சாட்சி வேண்டும் என்றால் அவர்கள்தான்.

அந்தச் செய்தி வந்த போனை விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் கொடுக்க, பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழும் வேண்டும். பழைய சட்டத்தில் இதை 65பி சான்றிதழ் என்பார்கள். அது இல்லாமல் வெறும் பிரிண்ட் அவுட்டைக் கொண்டுபோய் மாட்டிக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

"ராத்திரியே பதில் போடலன்னா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா?"

ஆகாது. எங்கள் வீட்டிலேயே பட்ட பாடு இது. என் தம்பி சின்னதாகச் சீட்டு நடத்திவந்தான். "சீட்டுப் பணத்தைத் தூக்கிக்கினு ஓடப் பாக்குறான்" என்று ஒருவர் தெருக் குழுவில் போட்டார். ராத்திரி பதினொன்றரை மணி. எனக்குப் பொறுக்கவில்லை. அவன் ஓடவில்லை, அப்பாவின் ஆபரேஷனுக்காக அலைகிறான் என்று நிரூபிக்க, பேங்க் பாஸ்புக் பக்கத்தையும் ஆஸ்பத்திரி பில்லையும் போட்டோ எடுத்து நானே அந்தக் குழுவில் போட்டேன். பணம் பத்திரமாக இருக்கிறது என்று எல்லோருக்கும் புரிந்தது. ஆனால் விடிவதற்குள் தம்பியின் கணக்கு எண், கையிருப்பு, அப்பாவின் வியாதி மூன்றும் நான்கு குழுவுக்குப் போய்விட்டன. அப்பா கடைசிவரை வெளியில் யாருக்கும் சொல்ல விரும்பாத வியாதி அது. பழி சொன்னவர் அடுத்த வாரமே மன்னிப்புக் கேட்டார். நான் வெளியில் விட்டதை என்னால் திரும்ப வாங்க முடியவில்லை.

அதனால்தான் வருகிறவர்கள் எல்லோரிடமும் ஒன்றையே பிடிவாதமாகச் சொல்கிறேன்: ஒரு ராத்திரி பொறுங்கள். அவசரப் பதிலில் போகிற மானம், பழியில் போகிற மானத்தைவிடப் பல சமயம் அதிகம். பன்னிரண்டு மணி நேரம் பேசாமல் இருந்ததை எந்த நீதிமன்றமும் ஒப்புதலாக எடுத்துக்கொள்வதில்லை.

"அப்ப பதிலே சொல்லக் கூடாதா?"

சொல்ல வேண்டும். ஒரு முறை, சுருக்கமாக, எந்த இடத்தில் பழி வந்ததோ அதே இடத்தில். நான் எழுதித் தருவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"நேற்று இரவு இந்தக் குழுவில் வந்த செய்தியில், கோயில் கமிட்டிப் பணம் 40,000 ரூபாயை நான் எடுத்துக்கொண்டதாக இருக்கிறது. அது உண்மை இல்லை. வரவு செலவு நோட்டு கமிட்டித் தலைவரிடம் இருக்கிறது. உறுப்பினர்கள் யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். இதைப் பற்றி இங்கே மேற்கொண்டு எழுத மாட்டேன்."

இதில் இல்லாதவற்றைக் கவனியுங்கள். எதிராளியின் குடும்பம் இல்லை, சாதி இல்லை, "உன் யோக்கியதை தெரியாதா" இல்லை. நோட்டின் போட்டோவும் இல்லை. ஆதாரம் எங்கே இருக்கிறது என்று சொன்னால் போதும், ஆதாரத்தையே வீதியில் பரப்ப வேண்டியதில்லை. ஆதார் அட்டை, பாஸ்புக், மருத்துவச் சீட்டு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இவை எந்த மறுப்பிலும் வரக் கூடாது. கடைசி வரியை எழுதிய பிறகு அதைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். சொந்தக்காரர்கள் உசுப்பிவிடுவார்கள். குழுவை ஒரு வாரம் மியூட்டில் போடுங்கள். வெளியேறிவிடாதீர்கள், பிறகு வருவதைப் பார்க்க முடியாமல் போய்விடும்.

"அவங்க சொன்னதுல பாதி நெஜம்கா. பாதி பொய். இன்னா பண்றது?"

என்னிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேரின் நிலைமை இதுதான். வாய்விட்டுச் சொல்கிறவர்கள் குறைவு. ஒரு வெள்ளைத்தாளை நடுவில் மடித்துக் கொடுப்பேன். ஒரு பக்கம் நிஜம், ஒரு பக்கம் பொய். எழுதி முடித்ததும் மறுப்பில் நிஜத்தை முதலில் ஒப்புக்கொள்ளச் சொல்வேன். "மார்ச் மாதம் தர வேண்டிய சீட்டுப் பணத்தை இரண்டு மாதம் தாமதமாகக் கொடுத்தேன், அது என் தவறு. ஏமாற்றினேன் என்பது பொய், மே மாதம் முழுத் தொகையும் கொடுத்துவிட்டேன்." முழுவதையும் மறுத்துவிட்டு, பிறகு ஒன்று நிஜம் என்று தெரிந்தால், மீதி நீங்கள் சொன்ன உண்மையையும் யாரும் நம்பமாட்டார்கள்.

சட்டத்திலும் இதற்கு இடம் உண்டு. உரிமையியல் (சிவில்) வழக்கில், தான் சொன்னது உண்மை என்று எதிராளி நிரூபித்துவிட்டால் உங்கள் நஷ்டஈடு வழக்கு நிற்காது. குற்றவியல் வழக்கில் உண்மையாக இருப்பது மட்டும் போதாது, அதைச் சொன்னது பொது நன்மைக்காக என்றும் அவர் காட்ட வேண்டும்.

"மானநஷ்டம்னு சட்டம் எத சொல்லுது?"

2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 356ஆம் பிரிவு. அதற்கு முன் இந்தியத் தண்டனைச் சட்டம் 499, 500. ஒருவர் பெயருக்குக் கெடுதல் வர வேண்டும் என்ற எண்ணத்தோடோ, வரும் என்று தெரிந்தோ, பேச்சாலோ எழுத்தாலோ படத்தாலோ சைகையாலோ அவரைப் பற்றி ஒன்றைப் பரப்புவது. தண்டனை இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். புதிய சட்டத்தில் சமுதாயப் பணி என்ற தண்டனையும் சேர்ந்திருக்கிறது. இந்தக் குற்றப் பிரிவு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்தது. நற்பெயர் என்பது வாழும் உரிமையின் ஒரு பகுதி என்றும் அதில் சொன்னது.

மூன்றாவது ஆள் ஒருவருக்காவது அது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். உங்களுக்கு மட்டும் தனியாக வந்த மெசேஜ் எவ்வளவு கேவலமாக இருந்தாலும் மானநஷ்டம் ஆகாது. மிரட்டலாகவோ வேறு குற்றமாகவோ இருக்கலாம். இறந்தவரைப் பற்றிச் சொன்னாலும், அது குடும்பத்தார் மனதைப் புண்படுத்தும் நோக்கத்தோடு இருந்தால் இதில் வரும். கடை, கம்பெனி, சங்கம் இவற்றுக்கும் நற்பெயர் உண்டு.

"எம் பேரு போடல. 'காட்பாடி ரோட்டுல செருப்புக் கடை வச்சினுக்கிற வாணியம்பாடிக்காரரு'ன்னுதான் போட்டாங்க. கேஸ் நிக்குமா?"

படித்தவர்களுக்கு அது நீங்கள்தான் என்று புரிந்தால் போதும். முன்பு சொன்ன இரண்டு சாட்சிகள் இங்கேதான் உதவுவார்கள்.

"ஸ்டேஷன்ல 'கோர்ட்டுக்குப் போம்மா'ன்னு அனுப்பிட்டாங்க. ஏமாத்துறாங்களா?"

வெறும் மானநஷ்டம் மட்டும் என்றால் அவர்கள் சொன்னது சரி. நீதிமன்ற உத்தரவு இல்லாமல் போலீஸ் தானாக வழக்குப் பதிய முடியாத குற்றம் அது. பாதிக்கப்பட்டவர் நேரடியாக நீதித்துறை நடுவர் நீதிமன்றத்தில் தனிப் புகார் தாக்கல் செய்ய வேண்டும். நடுவர் உங்களைச் சத்தியப்பிரமாணத்தின் பேரில் விசாரிப்பார். புதிய நடைமுறைச் சட்டத்தின்படி, வழக்கைக் கோப்பில் எடுக்கும் முன் எதிராளிக்கும் பேச வாய்ப்புத் தர வேண்டும்.

ஆனால் எல்லாவற்றையும் மானநஷ்டம் என்று ஒரே மூட்டையாகக் கட்டிக் கொண்டுபோகாதீர்கள். மிரட்டிப் பணம் கேட்டது, பெண்ணைப் பின்தொடர்ந்து தொல்லை கொடுத்தது, உங்கள் பெயரில் போலிக் கணக்கு, அந்தரங்கப் படம், பட்டியல் சமூகத்தவரைப் பலர் முன் சாதி சொல்லி இழிவுபடுத்தியது இவற்றுக்குப் போலீஸ் வழக்குப் பதிய வேண்டும். மனுவில் முதல் பத்தியிலேயே அதை எழுதுங்கள். மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர்., அதாவது மனுவை வாங்கிக்கொண்டதற்கான ரசீது, கேட்டு வாங்குங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஏ பிரிவில் போடச் சொல்லி யாராவது எழுதித் தந்தால் வாங்காதீர்கள். அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்றே ரத்து செய்துவிட்டது.

"நாங்க ஆம்பூரு. வேலூர் எஸ்.பி. ஆபீஸ்ல குடுத்தா வாங்குவாங்களா?"

2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகும் பழைய வழக்கத்தில் இங்கே வந்து அலைகிறவர்கள் இருக்கிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் திருப்பத்தூர் எஸ்.பி. அலுவலகத்துக்கும், ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம்காரர்கள் ராணிப்பேட்டைக்கும் போக வேண்டும். குடியாத்தம், காட்பாடி, அணைக்கட்டு வேலூரிலேயே இருக்கின்றன. போலீஸ் தானாகப் பதிய வேண்டிய குற்றம் என்றால், இது எங்கள் எல்லை இல்லை என்ற காரணத்துக்காக எந்த நிலையமும் புகாரை மறுக்க முடியாது. பதிந்து, உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும்.

"கேஸ் போட எவ்ளோ நாள் டைம் இருக்குது?"

நஷ்டஈடு கேட்கும் உரிமையியல் வழக்குக்கு ஒரு வருடம். குற்றவியல் புகாருக்கு மூன்று வருடம். ஒரு வருடம் என்பது நோட்டீஸ், சமாதானப் பேச்சு என்று ஓடிவிடும். நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.

"வக்கீல் நோட்டீஸ் விட்டா பயந்துடுவாங்களா?"

சிலர் பயப்படுவார்கள். சிலர் அந்த நோட்டீஸையே போட்டோ எடுத்து, "பாருங்க, உண்மையச் சொன்னதுக்கு மிரட்டுறாங்க" என்று போடுவார்கள். அதுவரை நூறு பேர் பார்த்ததை ஆயிரம் பேர் பார்ப்பார்கள். நோட்டீஸில் கோடி ரூபாய் கேட்பதைவிட, எந்த வாசகம் பொய், அதை எத்தனை நாளில் நீக்க வேண்டும், அதே இடத்தில் எப்படித் திருத்தம் போட வேண்டும் என்று தெளிவாகக் கேட்பது நல்லது. நான் பார்த்தவரை, திருத்தம் கேட்ட நோட்டீஸ்கள் நீதிமன்றம் போகாமலே முடிந்திருக்கின்றன.

எழுதியவர் உறவினர், பக்கத்துக் கடைக்காரர் என்றால், நோட்டீஸுக்கு முன்னால் இருவருக்கும் மரியாதையான ஒரு பெரியவரை வைத்து நேரில் பேசிப் பாருங்கள். செலவுக்கு வழியில்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் இலவச சட்ட ஆலோசனை கேட்கலாம். நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவும் இருக்கிறது.

"ரிப்போர்ட் அடிச்சா கம்பெனிக்காரங்களே எடுத்துட மாட்டாங்களா?"

அந்தரங்கப் படத்தையும் போலிக் கணக்கையும் எடுப்பார்கள். "என்னைப் பற்றிப் பொய் எழுதியிருக்கிறார்" என்று மட்டும் சொன்னால் பெரும்பாலும் எடுப்பதில்லை, நீதிமன்ற உத்தரவு கேட்பார்கள். இருந்தாலும் புகார் கொடுங்கள். பெரிய சமூக ஊடக நிறுவனம் ஒவ்வொன்றுக்கும் இந்தியாவில் குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும் என்று 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் சொல்கின்றன. அவர் பதில் திருப்தி இல்லை என்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்கு இணையத்திலேயே போகலாம்.

"நா போடலக்கா. வந்தத ஃபார்வேர்டுதான் பண்ணேன். குரூப் அட்மின் வேற நான்தான்."

ஃபார்வேர்டு செய்ததற்கு நீங்கள் பொறுப்பு. ஒரு செய்தியைப் பகிர்கிறவர் அதை ஏற்று ஆமோதிப்பவர் ஆகிறார் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் ஒரு முன்ஜாமீன் உத்தரவில் சொன்னது. "வந்ததை அனுப்பினேன்" என்பது வீட்டில் சொல்லும் சமாதானம். அனுப்பியவர்களுக்கெல்லாம் "அது தவறு, தெரியாமல் அனுப்பிவிட்டேன்" என்று இன்றைக்கே அனுப்புங்கள்.

அட்மின் விஷயம் வேறு. மற்றவர் போட்டதற்கு, அட்மினாக இருந்தார் என்பதற்காக மட்டும் ஒருவரைக் குற்றவாளி ஆக்க முடியாது என்று மதுரை அமர்வு 2021இல் சொல்லியிருக்கிறது. ஆனால் யார் மானமோ போகிறது என்று தெரிந்தும் டிலீட் பட்டனைக் கையில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பதை நான் ஏற்கமாட்டேன்.

"எம் பொண்ணு போட்டோவ எடுத்து அசிங்கமா மாத்திட்டு, காசு குடுக்கலன்னா எல்லாருக்கும் அனுப்புவேன்றான்."

காசு கொடுக்காதீர்கள். கொடுத்தால் அடுத்த வாரம் இரண்டு மடங்கு கேட்பான். முதல் கேள்வியில் சொன்னபடி பத்திரப்படுத்திவிட்டு, அன்றைக்கே 1930க்குப் பேசுங்கள், தேசிய சைபர் கிரைம் புகார் இணையதளத்தில் பதியுங்கள், மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு நேரில் போங்கள். 1930 பண மோசடிக்கான எண்தான் என்றாலும் எங்கே போக வேண்டும் என்று வழி சொல்வார்கள். அந்தரங்க உறுப்பைச் சம்மதமின்றிப் படமெடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஈ பிரிவிலும், ஆபாசமாக்கிப் பரப்புவது 67, 67ஏ பிரிவுகளிலும் வரும். பெண் பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வரும், குழந்தைகள் உதவி எண் 1098க்கும் பேசலாம்.

படம் பரவாமல் தடுக்க ஸ்டாப் என்சிஐஐ என்று ஒரு சேவை உண்டு. படத்தை நீங்கள் யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. உங்கள் போனிலேயே அதற்கு ஒரு கைரேகை மாதிரி எண் உருவாகும், அந்த எண் மட்டும் போகும், சேர்ந்திருக்கும் தளங்கள் அதே படம் ஏறினால் மறிக்கும். பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு டேக் இட் டவுன் என்று இதே மாதிரி வேறொன்று.

அந்தப் பெண்ணிடம் "நீ ஏன் போட்டோ போட்டே" என்று மட்டும் கேட்காதீர்கள். குடியாத்தத்திலிருந்து ஒரு அம்மா மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். அந்தப் பெண் மூன்று மாதமாகத் தன் சேமிப்பிலிருந்து பணம் கட்டியிருக்கிறாள். வீட்டில் சொன்னால் காலேஜை நிறுத்திவிடுவார்கள் என்று பயம். மிரட்டியவன் அந்தப் பயத்தை வைத்துத்தான் சம்பாதித்தான். போனைப் பிடுங்கி உடைத்தால் போவது ஆதாரமும்தான்.

"யூடியூப் சேனல்னு சொல்லிக்கினு கேமராவோட கடைக்குள்ள வந்துட்டாரு. செய்தி போடாம இருக்க இருபதாயிரம் கேக்குறாரு."

காசு கேட்ட நொடியிலேயே அது செய்தி இல்லை, பணப்பறிப்பு. பாரதிய நியாய சன்ஹிதா 308ஆம் பிரிவு. அழைப்பு விவரம், மெசேஜ், கடை சிசிடிவி பதிவை எடுத்து வையுங்கள். சிசிடிவி சில நாளில் தானாக அழிந்துவிடும். கடை உங்கள் இடம், வெளியே போகச் சொல்ல உரிமை உண்டு. கேமராவைத் தட்டிவிடாதீர்கள். தட்டிவிட்ட இரண்டு நொடியைத்தான் நாள் முழுக்கக் காட்டுவார்கள். "எழுத்தில் கேள்வி கொடுங்கள், எழுத்தில் பதில் தருகிறேன்" என்று ஒரே வாக்கியத்தைத் திரும்பச் சொல்லுங்கள். காசு கேட்காமல் நேர்மையாக விசாரிக்க வரும் நிருபரும் இதற்குச் சம்மதிப்பார். அவருக்குப் பதில் கொடுங்கள். உங்கள் தரப்பு இல்லாமல் செய்தி வருவதில் உங்களுக்கு லாபம் இல்லை.

"நா வார்டு மெம்பரு. ரோடு போட்டதுல காசு அடிச்சேன்னு எழுதுறாங்க. தனிமை உரிமைன்னு கேஸ் போடலாமா?"

ரோட்டுக் கணக்கு உங்கள் தனிமைக்குள், அதாவது சொந்த வாழ்க்கைக்குள், வராது. 1994இல் ஆட்டோ சங்கர் தன்வரலாறு தொடர்பாக நக்கீரன் ஆசிரியர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகச் சொன்னது. குடும்பம், திருமணம், பிள்ளைகள் பற்றி ஒருவர் சம்மதமின்றி எழுதக் கூடாது. பொது ஆவணத்தில் உள்ளதை எழுதலாம். பதவியில் இருப்பவர், தன் பதவிக் கடமை பற்றி எழுதியதில் சின்னத் தவறு இருக்கிறது என்பதற்காக நஷ்டஈடு கேட்க முடியாது. உண்மையைப் பற்றிக் கொஞ்சமும் அக்கறையில்லாமல் எழுதினார் என்று காட்ட வேண்டும். தனிமை அடிப்படை உரிமை என்று 2017இல் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்த பிறகும் இதுதான் நிலை. ரோட்டு வேலையை அளந்து எழுதிய அளவுப் புத்தகத்தையும் பில்லையும் கேட்டவருக்குக் காட்டுங்கள். உங்கள் மகள் திருமணச் செலவைப் பற்றி எழுதினால் அப்போது வாருங்கள்.

"ஷூ கம்பெனில சூப்பர்வைசர் மேல கம்ப்ளைண்ட் குடுத்தேன். இப்ப அவரு என் மேலயே மானநஷ்ட கேஸ் போடுவேன்றாரு."

ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்கள் இந்த ஒரு மிரட்டலுக்குப் பயந்து புகாரைத் திரும்பப் பெறுவதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. 356ஆம் பிரிவிலேயே விதிவிலக்குகள் இருக்கின்றன. புகாரை விசாரிக்க அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு குற்றம் சொல்வது மானநஷ்டம் இல்லை. புகார் பாலியல் தொல்லை பற்றியது என்றால், பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டப்படி கம்பெனியில் இருக்க வேண்டிய உள்ளகக் குழு அப்படி அதிகாரம் உள்ளது. புகாரை எழுத்தில் அங்கே கொடுங்கள், நகலில் கையெழுத்து வாங்குங்கள். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் கொடுப்பது முக்கியம்.

அந்தப் புகாரையே வாட்ஸாப்பில் போடுவது வேறு. உள்ளகக் குழுவிடம் சொன்னதற்குக் கிடைக்கும் பாதுகாப்பு அங்கே அப்படியே கிடைக்காது. புகார் கொடுத்தவர், எதிர்த்தரப்பு, சாட்சிகள் யார் பெயரையும் விசாரணை விவரத்தையும் வெளியிடக் கூடாது என்று அந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்கிறது. குற்றம் சாட்டப்பட்டவராக என்னிடம் வருகிறவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன்: உள்ளகக் குழுவிடம் பதில் சொல்லுங்கள், அந்தப் பெண்ணின் பெயரை வெளியில் உச்சரிக்காதீர்கள்.

"கேஸ்ல விடுதலை ஆயிட்டேன். பேர தேடுனா இன்னும் அந்தப் பழைய கேஸுதான் வருது."

இதற்கு இன்னும் முடிந்த பதில் கிடையாது. விடுதலையான ஒருவரின் பெயரைத் தீர்ப்பிலிருந்து மறைக்கச் சொல்லி 2024 பிப்ரவரியில் மதுரை அமர்வு உத்தரவிட்டது. அதே வருடம் ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. இப்போதைக்குச் செய்யக்கூடியது: விடுதலைத் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கி, பழைய செய்தி போட்ட பத்திரிகைக்கு அனுப்பி, "விடுதலை" என்ற செய்தியையும் அதே பக்கத்தில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். நீக்கச் சொன்னால் மறுப்பவர்கள், சேர்க்கச் சொன்னால் பல சமயம் சேர்க்கிறார்கள்.

"எல்லாம் சரிக்கா. அம்மா பத்து நாளா வெளிய வரல. சாப்பாடும் எறங்கல."

மனுவை ஓரமாக வைத்துவிட்டு அவரைக் கவனியுங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம். தனியாக விடாதீர்கள். போனை வாங்கி, வருவதைப் படித்துப் பத்திரப்படுத்தும் வேலையை வீட்டில் வேறொருவர் எடுத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரராக இருந்து இதைப் படிக்கிறீர்கள் என்றால், "குரூப்ல பார்த்தேன்" என்று ஆரம்பிக்காதீர்கள். தம்பி விஷயம் நடந்த மறுவாரம் எதிர்வீட்டு அக்கா ஒருவர் எதுவும் கேட்காமல், மாதாமாதம் கட்டும் சீட்டுப் பணத்தை வழக்கம்போலக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்து, நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அன்றைக்குத்தான் அவன் கடைத்தெருவுக்குப் போனான்.